பட நூல் தந்த பேராசான் கொமேனியஸ்

அயல்மொழி என்றாலே அஞ்சும் மாணவியர் பலர். ஆங்கிலப் பாடவேளை வந்ததும் இலக்கண விதிகளும் சொற்பட்டியலும் கண்முன் நின்று மிரட்டும். இவ்வச்சத்தைப் போக்குவதற்கென்றே உழைத்த பெருந்தகை ஒருவர் ஏறக்குறைய நானூறு ஆண்டுகட்கு முன் வாழ்ந்தார். அவரே ஜான் ஆமோஸ் கொமேனியஸ்.

இன்றைய செக் குடியரசில் உள்ள மொராவியாவில் 1592ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் அவர் பிறந்தார். இளம் வயதிலேயே பெற்றோரை இழந்தமையால், பதினாறாம் வயதில்தான் லத்தீன் பள்ளியில் சேர முடிந்தது. அந்நாளில் உயர்கல்வி அனைத்தும் லத்தீன் மொழியிலேயே இருந்தது. பொருள் விளங்காத விதிகளை மனப்பாடம் செய்வதும், தவறினால் பிரம்படி படுவதுமே மொழிப்பாடம். வயதில் மூத்த மாணவராகையால் இம்முறையின் குறைகளை அவர் நன்கு உணர்ந்தார்.

பின்னர் சீர்திருத்த சபை ஒன்றின் போதகரானார். 1618இல் முப்பதாண்டுப் போர் மூண்டது. 1622இல் மனைவியையும் இரு குழந்தைகளையும் கொள்ளைநோய் கொண்டு சென்றது. தாயகத்தில் கத்தோலிக்கரல்லாதார்க்கு இடமில்லாது போகவே, 1628இல் போலந்திலுள்ள லெஷ்னோ நகரில் தஞ்சம் புகுந்தார். நாடிழந்த அந்த அகதி அங்கே ஆசிரியப் பணியை மேற்கொண்டார்.

1631இல் லத்தீன் கற்பிக்கும் நூல் ஒன்றை வெளியிட்டார். ஏறத்தாழ எட்டாயிரம் சொற்களை ஆயிரம் வாக்கியங்களில் அமைத்து, நூறு தலைப்புகளில் வகுத்த நூல் அது. சொல்லைத் தனியே கற்பிக்காமல் வாக்கியத்தில் வைத்துக் கற்பிக்க வேண்டும் என்பதே அவர் கொள்கை. அந்நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, அவர் புகழ் ஐரோப்பா எங்கும் பரவியது. ஹங்கேரியில் பணியாற்றியபோது பாடங்களை நாடகங்களாக்கி மாணவர்களை நடிக்கச் செய்தார். நடிக்கும் பிள்ளை அச்சமின்றிப் பேசுகிறதன்றோ!

1656இல் மீண்டும் பேரிடி விழுந்தது. போரில் லெஷ்னோ நகரம் எரிந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துத் தொகுத்த செக்-லத்தீன் அகராதியின் கையெழுத்துப்படி சாம்பலாயிற்று. அப்போது அவருக்கு வயது அறுபத்து நான்கு. வேறொருவராயின் எழுதுகோலையே வீசியெறிந்திருப்பார். அவரோ ஆம்ஸ்டர்டாம் சென்று பணியைத் தொடர்ந்தார். ஆண் குழந்தைகளைப் போலவே பெண் குழந்தைகளும் கல்வி பெறவேண்டும் என்று அவர் வாதாடிய நூல் 1657இல் லத்தீனில் வெளிவந்தது.

அடுத்த ஆண்டில், 1658இல், நியூரம்பெர்க் நகரில் அவரது புகழ்பெற்ற பட நூல் வெளிவந்தது. உலகிலுள்ள பொருள்களையெல்லாம் சுமார் 150 படங்களில் அது காட்டியது. காகம் கரையும் ஒலியோடும் ஆடு கத்தும் ஒலியோடும் எழுத்துகள் அறிமுகமாயின. படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. அதே எண் கீழேயுள்ள வாக்கியத்திலும் இருக்கும். ஒரு பக்கம் லத்தீன், மறுபக்கம் தாய்மொழி. குழந்தைகள் அப்படங்களைப் பார்த்து வரையட்டும், இயன்றபோது உண்மைப் பொருளையே அவர்களுக்குக் காட்டுங்கள் என்று ஆசிரியர்களுக்கு வழி கூறினார். 1659இல் லண்டனில் ஆங்கிலத்தோடு வெளியான பதிப்பு, ஆங்கிலச் சிறுவர்க்கு லத்தீன் கற்பித்தது.

1670ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் அவர் மறைந்தார். ஹாலந்தின் நார்டன் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பிறந்த நாளையே செக் மக்கள் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகின்றனர்.

அன்பு மாணவிகளே! அவர் அன்று காட்டிய வழி இன்று ஆங்கிலம் கற்கும் நமக்கும் பொருந்தும். உங்கள் வீட்டுச் சமையலறையைப் படமாக வரையுங்கள். அம்மி, அடுப்பு, குடம் என ஒவ்வொன்றுக்கும் எண்ணிடுங்கள். ஒவ்வொரு பொருளையும் பற்றி ஒரு சிறு ஆங்கில வாக்கியமும், அதன் எதிரே தமிழ் வாக்கியமும் எழுதுங்கள். பின்பு தோழியோடு அதைப் பேசி நடியுங்கள். பொருளை அறிந்தபின் சொல் தானே வரும். வீட்டையும் நாட்டையும் நூலையும் இழந்த ஒருவர், குழந்தைகளின் முகமலர்ச்சியை மட்டும் இழக்க மனமில்லாமல் நமக்கு விட்டுச் சென்ற செல்வம் இது. இதனைப் பயன்படுத்திப் பயன்பெறுவோமாக!