குக்கர் முதல் திருப்பூர் பாய்லர் வரை: சேஃப்டி வால்வு தந்த டெனிஸ் பப்பின் யார்?

திருப்பூரில் ஒரு சாயப் பட்டறைக்குள் நுழைந்தால் முதலில் உறைப்பது சூடுதான். பனியன் துணிக்குச் சாயம் ஏற்றும் தண்ணீரைக் கொதிக்க வைக்க நீராவி வேண்டும். அதைத் தரும் பாய்லரின் மேல் ஒரு வால்வு இருக்கும். அழுத்தம் அளவைத் தாண்டினால் தானாகத் திறந்து நீராவியை வெளியேற்றும். வீட்டு குக்கர் விசில் அடிப்பதும் இதே தத்துவம்தான். இதற்கு வழி போட்டவர் டெனிஸ் பப்பின்.

டாக்டருக்குப் படித்தவர்

1647-ல் பிரான்ஸின் ப்ளுவா நகருக்கு அருகே பிறந்தார். மருத்துவம் படித்து 1669-ல் பட்டம் வாங்கினார். ஆனால் ஆர்வமெல்லாம் கருவிகள் மேல்தான். பாரிஸில் விஞ்ஞானி ஹைகன்ஸிடம் உதவியாளராக இருந்தார். 1675-ல் லண்டன் போய் ராபர்ட் பாயிலுடன் வேலை செய்தார்.

எலும்பையும் வேகவைத்த பானை

1679-ல் அவர் செய்த பாத்திரத்தின் பெயர் டைஜெஸ்டர். மூடியை இறுக்கிவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் சூடாகும். கெட்டி எலும்பும் மெத்தென்று வெந்துவிடும். 1682-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர்களுக்கு இதில் சமைத்து விருந்தே வைத்தார்.

சிக்கல் ஒன்றுதான்: அழுத்தம் எகிறினால் பாத்திரம் வெடிக்கும். அதற்காக மூடியில் சிறு துளை போட்டு, அதை ஓர் அடைப்பானால் மூடினார். அடைப்பானை அழுத்திப் பிடிக்க ஒரு நெம்புகோல், அதன் மேல் ஓர் எடைக்கல். கல்லை நகர்த்தினால், வால்வு திறக்கும் அழுத்தமும் மாறும்.

அளவை எங்கே வைப்பது?

குறைவாக வைத்தால் சும்மா சும்மா திறந்து நீராவி வீணாகும், வேலை நடக்காது. அதிகமாக வைத்தால் வால்வு திறப்பதற்கு முன்பே பாத்திரம் வெடித்துவிடும். ஆகவே பாத்திரம் எவ்வளவு தாங்கும் என்பதை வைத்துத்தான் அளவை முடிவு செய்ய வேண்டும். நம் அவசரத்தை வைத்து அல்ல.

பனிச்சறுக்கில் காலணியைக் கட்டையோடு பிடித்திருக்கும் 'பைண்டிங்'குக்கும் இதே கணக்குதான். விழும்போது அது விடாவிட்டால் கால் முறியும். ஓட்டத்தின் நடுவே கழன்றாலும் ஆபத்து. அதனால் எடை, உயரம், வயது, திறமை எல்லாம் பார்த்து அளவு வைக்கிறார்கள்.

கடைசிக் காலம்

பப்பின் புராட்டஸ்டண்ட் பிரிவைச் சேர்ந்தவர். 1685-ல் பிரான்ஸ் மன்னர் அந்தப் பிரிவினரின் வழிபாட்டு உரிமையைப் பறித்ததால் அவரால் சொந்த ஊர் திரும்ப முடியவில்லை. ஜெர்மனியின் மார்பர்க்கில் பேராசிரியரானார். 1690-ல், நீராவியால் பிஸ்டனை இயக்கும் யோசனையை வெளியிட்டார். 1707-ல் அவர் கட்டிய துடுப்புச் சக்கரப் படகைப் படகோட்டிகள் சங்கத்தினர் உடைத்துப் போட்டனர். லண்டன் திரும்பியவர் வறுமையில் வாடி, 1713 வாக்கில் இறந்தார்.

இன்றைக்கு என்ன?

இந்தியாவில் பாய்லர்களுக்கென 1923-லேயே சட்டம் வந்துவிட்டது. அனுமதித்த அழுத்தத்தில் வால்வு திறக்கிறதா என்பது சோதனையின் முக்கியக் கட்டம். வால்வு அடிக்கடி திறந்தால் பாய்லரை நிறுத்திக் காரணத்தைப் பார்க்க வேண்டும். ஷிப்மென்ட் அவசரத்தில் அதை இறுக்கி வைப்பது, பக்கத்தில் நிற்கும் தொழிலாளியின் உயிரோடு விளையாடுவது. வீட்டு குக்கரிலும் அப்படித்தான்: வெயிட்டின் துளையைக் கழுவி வையுங்கள், பழுதான சேஃப்டி வால்வை உடனே மாற்றுங்கள்.