ஆறு புள்ளிகள்

அந்தகரின் எழுத்தை நிர்ணயிக்கும் உரிமை யாருக்கு? லூயி பிரெயிலின் சரித்திரத்தை நோக்கும்போது இக்கேள்வியே நம் முன் நிற்கிறது.

1809-ல் பிரான்சு தேசத்தில் சேணம் தைப்பவரின் மகனாய்ப் பிறந்தார். மூன்றாம் வயதில் தந்தையின் கருவி கண்ணில் பாய, நாளடைவில் இரு கண்களும் ஒளியிழந்தன. பாரிஸ் அந்தகர் பாடசாலையில் புடைத்த எழுத்துக்களைத் தடவி வாசிக்கலாம். தாமே எழுத வழியில்லை. பார்பியே என்பவரின் பன்னிரு புள்ளி முறையை 15 வயதில் ஆறாகச் சுருக்கினார் பிரெயில். அங்கேயே உபாத்தியாயராகி, மாதாகோயிலில் ஆர்கனும் வாசித்த அவர், சங்கீதத்துக்கும் அப்புள்ளிகளாலேயே குறி வகுத்தார்.

1840-ல் வந்த தலைவர் அம்முறையை விலக்கினார். கண்ணுடையோரும் படிக்கத்தக்க எழுத்தே நன்றென்பது அவர் கட்சி. கெட்ட எண்ணமென்று நாம் கூறோம். ஆயினும் எழுதப் போகிறவரை யார் கேட்டார்? மாணாக்கர் இரகசியமாய்ப் புள்ளி குத்தி வந்தனர், தடை தளர்ந்தது. 1852-ல் க்ஷயரோகத்தால் பிரெயில் மாண்டார். பிரெஞ்சு அரசாங்கம் அங்கீகரித்தது 1854-ல்தான்.