சகோதரனின் 30 ஏக்கர் காணி

பரமட்டா ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் சென் ஜோன்ஸ் தேவாலயம் இருக்கிறது. வரிக் கோப்புகளோடு நாங்கள் அதை எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறோம். 1824 ஜனவரி 26 அன்று அங்கே மரியா என்ற டாரக் இனப் பெண்ணுக்கும் ரொபேர்ட் லொக் என்ற வெள்ளைக்காரத் தச்சருக்கும் திருமணம் நடந்தது. ரொபேர்ட் ஒரு கைதி. பூர்வகுடிப் பெண்ணுக்கும் கைதிக்கும் அரசு அனுமதியோடு நடந்த முதல் திருமணம் அதுவே. சட்டப்படி கைதிக் கணவர் மனைவியின் பொறுப்பில் விடப்பட்டார்!

மரியாவின் தந்தை யாரமுண்டி, றிச்மண்ட் பகுதி மக்களின் தலைவர். 1814 டிசம்பரில், ஆளுநர் மக்குவாரி பரமட்டாவில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக அமைத்த விடுதிப் பாடசாலையில் மரியா சேர்க்கப்பட்டார். வயது பத்துக்குள். சேர்ந்த பிள்ளையைப் பெற்றோர் திரும்ப அழைத்துப்போக முடியாது. 1819இல் நடந்த பரீட்சையில், நூறு வரையான வெள்ளைக்காரப் பிள்ளைகளையும் முந்தி முதற்பரிசு பெற்றவர் மரியா என்றே கருதப்படுகிறது. எங்கள் வீடுகளில் இந்தக் கதையை இத்தோடு நிறுத்திவிடுவார்கள். பரீட்சை என்றால் எங்களுக்கு அப்படி ஒரு மயக்கம்.

கணக்காளரின் கண்ணுக்கு முக்கியமான ஆண்டு 1831. இறந்துபோன சகோதரன் கோல்பியின் காணியைத் தனக்குத் தரும்படி ஆளுநர் டார்லிங்கிற்கு அவர் மனு எழுதினார். அது 1816இல் மக்குவாரி கொடுத்த 30 ஏக்கர். எங்கள் கணக்கில் 480 பரப்பு. தமது முன்னோரின் மண்ணுக்கே அவர் விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. முதலில் 40 ஏக்கர் வேறு காணி அனுமதிக்கப்பட்டது, அதுவும் கணவர் பெயரில். சகோதரனின் காணி 1843இல்தான் கைக்கு வந்தது. பன்னிரண்டு வருடக் காத்திருப்பு.

1854இல் கணவர் இறந்தார். மரியா 1878 ஜூன் 6இல். இருவரும் புரொஸ்பெக்ட் சென் பார்த்தலோமியு தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள். காணி ஒன்பது பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிந்தது. ஆனால் சுமார் 1920 அளவில், அதைப் பூர்வகுடிகளுக்கான ஒதுக்குநிலம் என்று கருதி, பாதுகாப்புச் சபை என்று பெயர்கொண்ட அரச சபை அந்த ஒதுக்கீட்டை இரத்துச் செய்தது. உறுதி பெட்டியில் இருக்க, காணி கைவிட்டுப்போன குடும்பங்கள் எங்களுக்குள் எத்தனை! அவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மரியா படித்த பாடசாலை 1823இல் பரமட்டாவிலிருந்து பிளக்டவுணுக்கு மாற்றப்பட்டது. அது இருந்த நிலம் 2018இல் டாரக் மக்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. மரியா மனுப் போட்டுக் கேட்டது அதற்கு எதிரேயிருந்த காணியை.