கணினி வருவதற்கு முன்பே வானிலையைக் கணக்குப் போட்டவர்: யார் இந்த ரிச்சர்ட்சன்?

உங்கள் மடிக்கணினியிலேயே ஒரு புயலை உருவாக்கிப் பார்க்கலாம் என்பது தெரியுமா?

'வார்ஃப்' எனும் வானிலை மாதிரி மென்பொருளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதிவிறக்கலாம். ஆய்வு நிலையங்கள் பயன்படுத்தும் அதே மென்பொருள்தான். சிறிய பகுதியாக இருந்தால் வீட்டுக் கணினியே போதும்.

ஆனா இந்த யோசனை கணினியோடு பிறந்தது இல்லை. கணினி என்ற இயந்திரமே இல்லாத காலத்தில் ஒருவர் இதைக் கையால் செய்து பார்த்தார். அவர் பெயர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன்.

யார் அவர்?

1881ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் பிறந்தவர். அவருடைய குடும்பம் குவேக்கர் கிறிஸ்துவப் பிரிவைச் சேர்ந்தது. போரில் பங்கெடுக்கக் கூடாது என்பது குவேக்கர்களின் கொள்கை.

கேம்பிரிட்ஜில் படித்த ரிச்சர்ட்சன், 1913இல் பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தில் சேர்ந்தார். ஸ்காட்லந்தில் உள்ள எஸ்க்டேல்மியுர் ஆய்வகத்துக்குப் பொறுப்பாளர் ஆனார்.

அப்போதெல்லாம் வானிலையை எப்படிக் கணித்தார்கள்? இன்றைய வரைபடத்தைப் போலவே முன்பு எப்போதாவது இருந்ததா என்று தேடுவார்கள். அன்று நடந்ததே இப்போதும் நடக்கும் என்று சொல்வார்கள்.

ரிச்சர்ட்சனுக்கு அது சரியாகப் படவில்லை. காற்றும் இயற்பியல் விதிகளுக்குக் கட்டுப்பட்டதுதானே? அப்படியானால் கணக்குப் போட்டே நாளைய வானிலையைச் சொல்லிவிடலாமே என்று நினைத்தார்.

வானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டமும் சுமார் 200 கிலோமீட்டர் அகலம். உயரவாக்கில் 5 அடுக்குகள். ஒவ்வொன்றிலும் காற்று, அழுத்தம், வெப்பம், ஈரம் எப்படி மாறும் என்று கணக்கிட வேண்டும். இன்றைய மாதிரிகளும் அடிப்படையில் இதைத்தான் செய்கின்றன. கட்டங்கள்தான் ரொம்பச் சிறியவை. சிங்கப்பூருக்கென உருவாக்கப்பட்ட 'சிங்வி' மாதிரியில் ஒரு கட்டம் 1.5 கிலோமீட்டர்.

போருக்கு நடுவே ஒரு கணக்கு

முதல் உலகப் போர் மூண்டது. துப்பாக்கி ஏந்த அவர் மறுத்தார். அதே நேரம், சும்மா உட்கார்ந்திருக்கவும் மனமில்லை. 1916இல் வேலையை விட்டுவிட்டு, பிரான்ஸில் காயமடைந்த வீரர்களை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் ஓட்டுநராகச் சேர்ந்தார்.

ஓய்வு கிடைத்தபோதெல்லாம், குளிரில், வைக்கோல் குவியலை மேசையாக்கிக் கணக்குப் போட்டார். 1910ஆம் ஆண்டு மே 20ஆம் தேதியை எடுத்துக்கொண்டார். அன்று ஐரோப்பாவில் பல இடங்களில் பலூன்களைப் பறக்கவிட்டு அளவீடுகள் எடுத்திருந்தார்கள்.

6 மணி நேரத்துக்கான முன்னுரைப்பு அது. அதற்கு அவருக்குச் சுமார் 6 வாரம் பிடித்தது.

1917இல் சண்டையின்போது கையெழுத்துப் பிரதி தொலைந்துபோனது. சில மாதங்கள் கழித்து, பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது!

விடை தப்பு

ஜெர்மனியின் மியூனிக் அருகே 6 மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் கூடும் என்று கணக்கு சொன்னது. உண்மையில் அன்று அழுத்தம் அவ்வளவாக மாறவே இல்லை.

145 என்பது எவ்வளவு பெரிய தவறு? சாதாரண நாளின் அழுத்தத்துக்கும், மிகக் கடுமையான சூறாவளியின் மையத்தில் பதிவான அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசமே ஏறக்குறைய அவ்வளவுதான்.

வேறு யாராவது இருந்தால் அதை மறைத்திருக்கலாம். ரிச்சர்ட்சன் 1922இல் வெளியிட்ட புத்தகத்தில், தவறான விடையையும் அதற்கான கணக்கையும் முழுசாகப் போட்டார். உலகின் வானிலை மாறும் வேகத்துக்கு ஈடுகொடுக்க 64,000 பேர் ஒரே அரங்கில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும் என்றும் அதில் கற்பனை செய்தார்.

எங்கே தப்பு நடந்தது? தொடக்கத்தில் கொடுத்த காற்று அளவீடுகளில் சின்னச் சின்னப் பிசகுகள். ஆடும் ஊஞ்சலை ஒரு நொடி மட்டும் பார்த்துவிட்டு, அதே திசையில் 6 மணி நேரம் போகும் என்று நினைத்தால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதுதான் நடந்தது.

பல ஆண்டுகள் கழித்து அயர்லந்து ஆய்வாளர் பீட்டர் லிஞ்ச், அந்தத் தொடக்க அளவீடுகளைச் சீர்செய்து அதே கணக்கைக் கணினியில் போட்டார். விடை உண்மைக்குப் பக்கத்தில் வந்தது. ரிச்சர்ட்சனின் வழி சரியாகத்தான் இருந்தது.

மனசாட்சியா, வேலையா?

போருக்குப் பிறகு வானிலை அலுவலகத்துக்குத் திரும்பினார். 1920இல் அந்த அலுவலகம், விமானப் படையைக் கவனிக்கும் அமைச்சின் கீழ் வந்தது. ரிச்சர்ட்சன் பதவி விலகினார். பிறகு கல்லூரியில் பாடம் நடத்தினார். போர்கள் ஏன் மூள்கின்றன என்பதையும் கணிதத்தால் ஆராய்ந்தார்.

1950இல் அமெரிக்காவின் 'எனியாக்' கணினி முதன்முதலாக வானிலையைக் கணக்கிட்டது. 24 மணி நேர முன்னுரைப்புக்கு ஏறக்குறைய 24 மணி நேரம் எடுத்தது. அந்த முடிவுகளைப் பார்க்கும் வாய்ப்பு ரிச்சர்ட்சனுக்குக் கிடைத்தது. 1953இல் அவர் காலமானார்.

எனியாக் போட்ட அதே கணக்கை 2008இல் ஒரு சாதாரண நோக்கியா கைப்பேசி ஒரு நொடிக்குள் முடித்தது.

இன்று நீங்கள் மடிக்கணினியில் ஒரு மாதிரியை ஓட்டினாலும் முதலில் கவனிக்க வேண்டியது தொடக்கத் தரவைத்தான். அங்கே பிசகினால், எவ்வளவு வேகமான கணினியும் ரிச்சர்ட்சனுக்குக் கிடைத்ததைப் போன்ற விடையைத்தான் கொடுக்கும்.