தண்ணீர் சுமந்த ஆசாரியர்

அலிபிரியில் தொடங்கும் திருமலைப் படிகள் ஏறத்தாழ 3,550. அவற்றில் கால்வைக்குமுன் அடியார்கள் ஸ்ரீபாத மண்டபத்தை வணங்குகின்றனர். அந்த இடத்தோடு பிணைந்த திருநாமம் பெரிய திருமலை நம்பி.

பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த இவர் ஆளவந்தாரின் சீடர், ஸ்ரீராமானுஜருக்குத் தாய்மாமன், அம்மகானின் ஐந்து ஆசாரியர்களுள் ஒருவர். இத்தனை பெருமை வாய்ந்தவர் தம் வாழ்நாள் பணியாக ஏற்றதோ, வேங்கடவனின் திருமஞ்சனத்திற்குப் பாபவிநாசத்திலிருந்து அன்றாடம் குடத்தில் நீர் சுமந்து வருவது. ஒருநாள் வேடச் சிறுவன் ஒருவன் அவரைத் தாத்தா என்றழைத்துத் தண்ணீர் கேட்டான். இறைவனுக்குரியதை அவர் தர மறுக்கவே, குடத்தை அம்பால் துளைத்து நீரைப் பருகினான். பூஜைக்கு நீரில்லையே என்று முதியவர் கலங்கியதும், மலையில் அம்பெய்து ஆகாசகங்கையைப் பெருகச் செய்து மறைந்தான். வந்தவன் வேங்கடவனே என்பது மரபு. இந்த அற்புதத்தையே பலரும் வியந்து பேசுவர். என் மனம் நிற்பது அதற்கடுத்த நாட்களில். இறையருள் கிட்டிய பின்னும் அவர் குடத்தை இறக்கி வைக்கவில்லை. நடக்கும் தூரம் மட்டுமே குறைந்தது.

ராமானுஜர் திருமலைக்கு எழுந்தருளியபோது நம்பிகள் தாமே எதிர்கொண்டு வரவேற்றார். சிறியவர் எவரையேனும் அனுப்பியிருக்கலாகாதா என்று மருமகன் வருந்த, வீதியெங்கும் தேடியும் தம்மினும் சிறியவர் கிடைக்கவில்லை என்றார் மாமன். பின்னர் அடிவாரத்தில் ஓராண்டுக் காலம் ராமாயணத்தின் உட்பொருளை அவருக்கு உபதேசித்தார். உச்சிக்கால ஆராதனை தவறிப்போகிறதே என்று ஆசாரியர் ஏங்கியதால், பெருமாள் தம் திருவடிகளை அலிபிரியிலேயே காட்டியருளினார் என்பர்.

அவரிடம் தொண்டு செய்துவந்தவர் மற்றொரு சகோதரியின் மகனான கோவிந்தர். பிற்காலத்தில் எம்பார் எனப் புகழ்பெற்றவர். ஓராண்டு முடிந்ததும் ராமானுஜர் அவரைத் தமக்குத் தருமாறு வேண்ட, நம்பிகளும் மனமுவந்து அளித்தார். ஆனால் ஆசாரியரின் பிரிவைத் தாங்காமல் கோவிந்தர் உடல் வாடினார். அதைக் கண்ட ராமானுஜர் அவரைத் திருப்பி அனுப்பினார். நெடுவழி நடந்து வாசலில் வந்து நின்றவரை நம்பிகள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பசித்த பிள்ளைக்கு ஒரு கவளமாவது இடலாகாதா என்று மனைவியார் இரங்கினார். விற்ற பசுவுக்கு யாரும் புல்லிடுவதில்லை என்பதே அவருக்குக் கிடைத்த பதில். கேட்போருக்கு இது கடுமையாகத் தோன்றலாம். கொடுத்த பொருளில் தமக்கு ஒட்டுரிமை ஏதும் மிச்சமில்லை என்பதில் நம்பிகளுக்கு ஐயமே இருக்கவில்லை. கோவிந்தரும் அதை உணர்ந்து, அப்பசியோடே திரும்பி நடந்து ராமானுஜரை அடைந்தார். அதன்பின் வாழ்நாள் முழுதும் அவரைப் பிரியவில்லை.

திருமலையின் தெற்கு மாட வீதியில் நம்பிகளின் சன்னிதி உள்ளது. ஆண்டுதோறும் அத்யயன உற்சவம் நிறைவுறும்போது, அவர் நீர் சுமந்ததை நினைவுகூர்ந்து தண்ணீரமுது உற்சவம் நடைபெறுகிறது.