முயலின் காதைத் தொட்டுப் பார்த்தவர்

கத்திரி வெயிலில் ஓடி விளையாடிவிட்டு வந்ததும் உங்கள் கையைப் பாருங்கள். உள்ளங்கை சிவந்து வெதுவெதுப்பாக இருக்கும். புறங்கையில் நரம்பு புடைத்துத் தெரியும். (நரம்பு என்று நாம் சொல்கிறோமே தவிர, அவை இரத்தக் குழாய்கள்தான்!) ஊட்டிக் குளிரில் அதே கை வெளுத்துச் சில்லிட்டுவிடும். தோலுக்குப் போகும் இரத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் யார் வேலை?

இந்தப் புதிரை அவிழ்க்க வழிகாட்டியவர் குளோது பெர்னார் என்ற பிரெஞ்சு அறிஞர். கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கும் அண்ணன், அக்கா யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? கேட்டுப் பாருங்கள், இவர் பெயரைச் சொல்வார்கள்.

பிரான்சில் லியோன் நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் 1813 ஜூலை 12-ல் பெர்னார் பிறந்தார். திராட்சைத் தோட்டத்தை நம்பி வாழ்ந்த எளிய குடும்பம். பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் நம் புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி தொடங்கியபோது (இன்றைய ஜிப்மரின் மூலம் அதுதான்) அவர் பத்து வயதுச் சிறுவன்.

வளர்ந்ததும் லியோனில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஒரு வேடிக்கை. கெட்டுப்போன மருந்து, மிஞ்சிய மருந்து எல்லாவற்றையும் ஒரே ஜாடியில் கொட்டுவார்கள். அதுதான் சகல நோய்க்கும் மருந்து என்று விற்பனையாகும்! பெர்னாருக்கு மருத்துவத்தின் மீதே சந்தேகம் வந்துவிட்டது. அவர் மனமோ நாடகத்தில் இருந்தது. 1834-ல், தான் எழுதிய சோக நாடகத்தை எடுத்துக்கொண்டு பாரிசுக்குப் போனார். அதைப் படித்த பேராசிரியர் ஒருவர், பிழைப்புக்கு ஒரு தொழில் கற்றுக்கொள்ளச் சொன்னார். பெர்னார் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். மாணவராக அவர் சுமார்தான். ஆனால் மழாந்தி என்ற ஆசிரியரின் ஆய்வுக்கூடத்தில் நுழைந்ததும் அவருடைய கைத்திறன் வெளிப்பட்டது.

1851-ல் முயலின் கழுத்தில் ஒரு பக்கம் ஓடும் மெல்லிய நரம்பை வெட்டினார். உடலில் வெப்பம் உண்டாவதற்கே நரம்புதான் காரணம் என்பது அவர் எண்ணம். ஆகவே அந்தப் பக்கத்துக் காது குளிர்ந்துபோகும் என்று எதிர்பார்த்தார். தொட்டுப் பார்த்தால் காது சூடாக இருந்தது! இரத்தக் குழாய்கள் விரிந்து, காது சிவந்திருந்தது. வெப்பமானியும் அதையே காட்டியது. தன் எண்ணம் பொய்த்ததே என்று அவர் சோதனையை மூடி வைக்கவில்லை. அடுத்த ஆண்டு, வெட்டிய நரம்பின் முனையில் மின்சாரம் பாய்ச்சினார். குழாய்கள் சுருங்கின, காது குளிர்ந்தது. அதே 1852-ல் பிரௌன் செக்கார் என்பவரும் தனியாக இதைச் செய்து காட்டியிருந்தார். அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? நம் தமிழர்கள் பலர் குடியேறிய மொரீசியஸ் தீவு!

அதாவது, இரத்தக் குழாயின் சுவரில் மெல்லிய தசை இருக்கிறது. நரம்பு அதை ஓரளவு இறுக்கியே வைத்திருக்கிறது. பிடி தளர்ந்தால் குழாய் விரிந்து சூடான இரத்தம் தோலுக்குப் பாய்கிறது. அங்கிருந்து வெப்பம் வெளியேறுகிறது. மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமியை (2022-ல் இறந்துவிட்டது) நினைவிருக்கிறதா? யானை காதை ஆட்டுவதும் காதில் ஓடும் இரத்தத்தைக் குளிரவைக்கத்தான்.

உடம்பு முழுவதும் இது ஒரே மாதிரி நடப்பதில்லை. உள்ளங்கை, உள்ளங்கால், காது, மூக்கு, உதடு ஆகிய இடங்களில் பிடியைத் தளர்த்தினாலே போதும், இரத்தம் குறுக்கு வழியில் பாய்ந்துவிடும். மார்பு, முதுகு, புஜம் ஆகிய இடங்களில் குழாய்களை வேலை மெனக்கெட்டு விரிக்கும் நரம்புகள் தனியாக உண்டு. வியர்வை சுரக்கும்போது அவையும் சேர்ந்து வேலை செய்யும். இதெல்லாம் பெர்னாருக்குப் பின் வந்தவர்கள் கண்டறிந்தது.

பெரியவர்களுக்குச் சாதாரணமாக நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவான இரத்தமே தோலுக்குப் போகும். கடும் வெப்பத்தில் அது 6 முதல் 8 லிட்டர் வரை உயரலாம். ஓய்வாக இருக்கும்போது இதயம் மொத்தமாக வெளியேற்றுவதே நிமிடத்துக்கு சுமார் 5 லிட்டர்தான்! ஆகவே இதயம் வேகமாக அடிக்க வேண்டும். குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் இரத்தமும் குறைக்கப்படும். பிரார்த்தனைக் கூட்டத்தில் வெயிலில் அசையாமல் நிற்கும் பிள்ளைகள் சிலர் பொத்தென்று விழுவது இதனால்தான். இரத்தம் தோலிலும் காலிலும் தேங்கி, மூளைக்குப் போவது குறைந்துவிடுகிறது. நிழலில் படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தெளியாவிட்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பெர்னாரின் வீட்டில் நிம்மதி இருக்கவில்லை. மனைவி கொண்டுவந்த பணம் அவர் ஆராய்ச்சிக்கு உதவியது. ஆனால் அவர் உயிருள்ள விலங்குகளை அறுத்துச் சோதித்ததை மனைவியும் மகள்களும் வெறுத்தார்கள். கடைசியில் பிரிந்தே போனார்கள். அந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்கும் அவர்கள் பக்கம்தான் மனம் போகிறது. இன்று இந்தியாவில் இத்தகைய சோதனைகளுக்குக் குழுவின் அனுமதி வேண்டும்.

வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உடலின் உட்புறச் சூழல் மாறாமல் இருப்பதே நம்மை வாழவைக்கிறது என்பதை உலகுக்கு விளக்கிய பெர்னார், 1878 பிப்ரவரி 10-ல் பாரிசில் காலமானார். அரசு மரியாதையுடன் அடக்கம் நடந்தது. பிரான்சில் ஒரு விஞ்ஞானிக்கு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. அன்று பாரிசுக்கு எடுத்துப் போன அந்த நாடகம் 1887-ல் அச்சாகி வெளிவந்தது.