சிரிக்க வைத்தே பாடம் நடத்திய கலைவாணர்

பெரியவங்க யாராவது ஒருத்தரோட வாழ்க்கை வரலாறு எழுதணும்னதும் விஞ்ஞானி, தலைவர்னு நிறையப் பேர் ஞாபகத்துக்கு வந்தாங்க. நான் ஒரு சிரிப்பு நடிகரை எடுத்துக்கிட்டேன். அவர்தான் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன்.

இளமைப் பருவம்

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908 நவம்பர் 29 அன்று பிறந்தார். அப்பா சுடலைமுத்து, அம்மா இசக்கியம்மாள். வீட்டில் ரொம்பக் கஷ்டம். நாலாம் வகுப்போடு படிப்பு நின்னுபோச்சு. நாடகக் கொட்டகையில் சோடா விற்ற பையன், பிறகு டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் குழுவிலேயே நடிகரானார். அந்தப் பக்கத்து வில்லுப்பாட்டும் அவருக்கு நல்லா வரும். பாட்டுக்கு நடுவே கதை, கதைக்கு நடுவே கிண்டல் என்ற அந்த வழிதான் கடைசிவரை அவருக்குக் கைகொடுத்தது.

1936-ல் வெளிவந்த சதிலீலாவதி படத்தில் நடித்தார். எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் படம். வசந்தசேனா படத்தின்போது டி.ஏ. மதுரத்தைச் சந்தித்து மணந்தார். இரண்டு பேரும் சேர்ந்து பாடி நடிச்சா கொட்டகையே அதிரும். சிரிப்புக் காட்சிகளைத் தானே யோசிச்சு, தன் குழுவை வைத்துத் தனியாக எடுத்துப் படத்தில் சேர்ப்பது இவர் வழக்கம். நம்ம கோயமுத்தூர் பட்சிராஜா நிறுவனத்தின் ஆர்யமாலா (1941), ஜகதலப்பிரதாபன் (1944) படங்களிலும் நடித்தார்.

சோதனைக் காலம்

புகழின் உச்சியில் இருக்கும்போது பெரிய இடி விழுந்தது. 1944 நவம்பரில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் குத்திக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதர், கலைவாணர், பட்சிராஜா ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் கைதானார்கள். நாயுடு விடுதலையானார். மற்ற இருவருக்கும் 1945-ல் ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி வந்து, 1947 ஏப்ரலில்தான் விடுதலை கிடைத்தது. ரெண்டு வருஷத்துக்கு மேல சிறை. அத்தனை நாளும் மதுரம் அம்மா தளராமல் நாடக சபா நடத்திக் குழுவைக் காப்பாற்றினார். வெளியே வந்த பாகவதரின் படங்கள் பழையபடி ஓடவில்லை. கலைவாணரோ மறுபடியும் மக்களைச் சிரிக்க வைத்தார்.

உடுமலையின் பேனா

எங்க அப்பிச்சி மாதிரி பழைய பாட்டு ரசிகர்கள் பலர், கலைவாணர் பாட்டெல்லாம் அவரே எழுதினதுன்னு நினைக்கறாங்க. அதில் நிறையப் பாட்டு நம்ம உடுமலை நாராயணகவி (1899-1981) எழுதியதுங்க! உடுமலைப்பேட்டை பக்கம் பூளவாடிக்காரர். உடுமலையில் அவருக்கு மணிமண்டபம் இருக்கு. 2008-ல் தபால்தலையும் வெளியிட்டாங்க.

அந்த இருவரும் சேர்ந்து செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது கிந்தனார் காலட்சேபம். 1949-ல் வந்த நல்லதம்பி படத்தில் இடம்பெற்றது. நந்தனார் கதை நமக்குத் தெரியும். சிதம்பரம் போகத் துடித்தவர் அவர். கிந்தனோ படிக்கத் துடிக்கிற ஏழைப் பையன், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவனுக்கு அடியும் அவமானமும்தான் மிச்சம். ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து, கல்வி அதிகாரியாகவே ஊர் திரும்புகிறான். பாகவதர் போல நின்று கலைவாணர் இதைப் பாடும்போது ஜனங்க விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாதி பார்த்துப் படிப்பைத் தடுப்பது எவ்வளவு பெரிய தப்பு என்பதும் அந்தச் சிரிப்போடு சேர்ந்தே உள்ளே போய்விட்டது. நாலாம் வகுப்போடு நின்ற ஒருவர் படிப்பின் அருமையை இப்படிப் பாடியதுதான் எனக்கு ஆச்சரியம்.

கடைசிப் பக்கம்

1957 தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாவுக்காகப் பேசப் போனாராம். எதிரே நின்றவர் ஒரு டாக்டர். கலைவாணர் அந்த டாக்டரின் கைராசியையும் நல்ல குணத்தையும் புகழ்ந்துகொண்டே போக, கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில், இப்படிப்பட்ட டாக்டரைச் சட்டசபைக்கு அனுப்பிட்டா உங்களுக்கு யார் வைத்தியம் பார்ப்பாங்க, அண்ணாவை அனுப்புங்கன்னு முடித்தாராம்! எதிராளிக்குக்கூட மனசு நோகாத கிண்டல்.

சம்பாதித்ததை எல்லாம் கேட்டவங்களுக்கு அள்ளிக் கொடுத்தார். 1957 ஆகஸ்ட் 30 அன்று மறைந்தபோது வயது 48. சென்னையில் அவர் சிலையை 1969 ஜனவரியில் அண்ணா திறந்து வைத்தார். அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அதுதான்.

நண்பர்களே, நாமும் வகுப்பில் தினமும் சிரிக்கிறோம். பட்டப்பெயர் வைத்துச் சிரிக்கிறோம், ஒருத்தன் வாசிக்கத் திணறினால் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பில் ஒருத்தர் மட்டும் சிரிக்காமல் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். அவரையும் சேர்த்துச் சிரிக்க வைத்தவர் கலைவாணர். நாமும் அப்படியே சிரிக்கப் பழகலாமுங்க.